நெல்லுக்குத் தடை, பொரிக்கு வழி

திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. நகரத்தார் எந்த நாட்டில் குடியேறினாலும் விடாத நோன்பு இது. புதுத் துணியிலிருந்து பிரித்த நூலிழையை மாவில் வைத்து, சுடரேற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு முன்பே வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டுகிற வேலை தொடங்கிவிடும். இழைநூல், ஆவாரம்பூ, நெற்பொரி, கோயில் விபூதி என்று நோன்புச் சாமான்கள் முதலில் பெட்டிக்குள் போகும். இடம் மிச்சமிருந்தால் தேன்குழல், சீப்புச் சீடை, இரண்டு கிலோ கவுனி அரிசி, ஒரு பிடி நெற்கதிர், கொஞ்சம் பால்கோவா, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை.

இப்படி ஒரு பெட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போனால் பாதி காலியாகத்தான் வீடு சேரும். கவுனி அரிசி போயிருக்கும். நெற்கதிர், கறிவேப்பிலை, பால்கோவா எதுவும் இருக்காது. கடையில் வாங்கிய பொரிப் பாக்கெட்டும் தேன்குழலும் பிழைத்திருக்கலாம். விபூதியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நெல்லும் பொரியும் ஒரே வயலில் விளைந்தவைதானே? ஒன்றைப் பிடித்து எரித்துவிட்டு மற்றொன்றை விடுவானேன்? பாலும் அரிசியும் விஷமா என்ன? அங்கே கடைகளில் இந்திய அரிசி மூட்டை மூட்டையாக விற்கிறதே?

நியாயமான கேள்விகள். விடை தேட நம் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்கலாம்.

வெயிலில் காயவைத்து, புடைத்து, கல் பொறுக்கி, சுத்தமான டப்பாவில் போட்டு இறுக மூடிய அரிசியில் ஒரு மாதம் கழித்து வண்டு ஓடுகிறது. மூடியில் ஓட்டையில்லை. அப்படியென்றால் வண்டு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவே இல்லை. அரிசியைப் போடும்போதே அது உள்ளே இருந்தது, அரிசி மணிக்குள்ளேயே இருந்தது. அரிசிக் கூன்வண்டின் பெண், தன் நீண்ட மூக்கால் மணியில் ஊசிமுனையளவு குழி துளைத்து, அதில் ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற சுரப்பால் வாயை அடைத்துவிடும். அந்த அடைப்பு காய்ந்தால் அரிசியின் நிறத்திலேயே இருக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் அந்த மணி மற்ற மணிகளைப் போலத்தான். முட்டை பொரிந்து, புழு உள்ளிருந்தே மாவைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி மணியைக் குடைந்துகொண்டு வெளியே வர, நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதம் ஆகும். அரிசியை எத்தனை தரம் புடைத்தாலும் முட்டை தாங்கிய மணி முறத்தில்தான் தங்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவையான கதை. 1940களில் தானிய ஆய்வாளர்கள், ஆசிட் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தில் தானியத்தை ஊறவைத்துக் கழுவிப் பார்த்தார்கள். மணியின் தோலில் சாயம் அவ்வளவாக ஏறவில்லை. முட்டைக் குழியை மூடிய பசை மட்டும் அதை உறிஞ்சிச் செக்கச் சிவந்து நின்றது. அதுவரை கண்ணுக்குத் தப்பியவற்றை அதன்பின் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. சில ஆண்டுகளிலேயே தானியத்தை எக்ஸ்ரே படமெடுக்கும் முறையும் வந்தது. படத்தில் மணிக்குள் ஒரு கருங்குழி, குழிக்குள் சுருண்ட புழு. வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த கோதுமைக்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துகொண்டிருப்பதை அந்தப் படங்கள் காட்டின.

ஆகவே ஓர் எல்லையில் பெட்டியைத் திறக்கிற அதிகாரிக்கு, 'பார்த்தேன், பூச்சி இல்லை' என்பது போதாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பொருளுக்குள் உயிரோடு எதுவும் இருக்க முடியுமா, இருந்தால் இங்கே பெருகுமா? இந்தக் கேள்வியையும் அதற்கான நடவடிக்கைகளையும் சேர்த்துத்தான் உயிர்ப்பாதுகாப்பு என்கிறோம். உணவு கெட்டுப்போனதா, சாப்பிடுகிறவருக்கு ஆகுமா என்பது வேறு துறையின் வேலை. நாம் ஆயிரம் ஆண்டுகளாகச் சாப்பிட்டு நலமாக இருக்கிற பண்டம்கூட உயிர்ப்பாதுகாப்பில் தோற்றுப்போகலாம். அதற்காக அந்தப் பண்டத்தையும் அனுப்பியவரையும் யாரும் பழிக்கவில்லை.

'ஒரு கிலோ அரிசிதானே' என்ற வாதமும் இங்கேதான் அடிபடுகிறது. பொருள் உயிரற்றதாக இருந்தால் அளவு முக்கியம். உயிருள்ளதற்கு அளவு கிடையாது. ஒரு கரண்டி உறைமோர் ஓர் அண்டாப் பாலையும் தயிராக்கிவிடுகிறது. கரண்டி சிறியதா பெரியதா என்பது ஒரு சில மணி நேர வித்தியாசம்தான். கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி, தீனியும் வெப்பமும் கிடைத்துவிட்டால், அப்படித்தான்.

ஆஸ்திரேலியா அரிசிக்கு இவ்வளவு அஞ்சுவது கூன்வண்டை நினைத்து அல்ல. கூன்வண்டு எல்லா நாட்டிலும் இருக்கிறது. அவர்களுடைய அச்சம் கப்ரா வண்டு. பூர்விகம் பெரும்பாலும் நம் துணைக்கண்டம். வளர்ந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இறக்கை உண்டு, ஆனால் பறந்ததாகப் பதிவே இல்லை. சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். சேதமெல்லாம் புழுவால்தான். பழுப்பு நிறம், உடல் முழுக்க முள்போன்ற ரோமம். தானியத்தைத் தின்பது பாதிக் கேடு. வளர வளர உரித்துப் போடுகிற ரோமத் தோல் மூட்டைக்குள் குவிந்து, மிச்சமிருக்கிற தானியத்தையும் உண்ணத் தகாததாக்கிவிடும்.

பறக்காத ஒரு வண்டு இத்தனை நாடுகளுக்கு எப்படிப் போனது என்று யோசித்துப் பாருங்கள். சாக்கில், கப்பலில், பெட்டியில், மனிதர்களின் கையால்தான். அது போய்ச் சேர்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் யாரோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். எல்லையில் நின்று தடுக்க முடியும் என்று நம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. காற்றில் பறந்து வருகிற பூச்சியைச் சுங்க அதிகாரியால் நிறுத்த முடியாது.

இந்த வண்டுக்கு 33 முதல் 37 டிகிரி வெப்பம் மிகவும் பிடிக்கும். வறட்சியைத் தாங்கும். காரைக்குடிப் பக்கத்துக் கோடைக் கிடங்கு அதற்குச் சொர்க்கம். சூழல் கெட்டால், அதாவது தீனி தீர்ந்தாலோ, குளிர் வந்தாலோ, நெரிசல் கூடினாலோ, புழு சுவரிடுக்கிலும் பலகை வெடிப்பிலும் போய் ஒடுங்கிவிடும். மூச்சும் உடலியக்கமும் அடிமட்டத்துக்கு இறங்கும். உயிரியலில் இதை உறக்கநிலை என்கிறோம். ஒரு பருக்கைகூட இல்லாமல் ஒன்பது மாதம் வரை கிடக்கும். அவ்வப்போது கொஞ்சம் தீனி கிடைத்தால் ஆறு ஆண்டுகள்கூட. மூச்சு குறைவதால் நச்சுப்புகை போட்டாலும் அது உடலுக்குள் அதிகம் போவதில்லை. இதெல்லாம் ஊகம் கிடையாது. ஆய்வகங்களில் புழுக்களைக் குப்பிகளில் அடைத்து, பட்டினி போட்டு, எத்தனை பிழைத்தன என்று மாதாமாதம் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

கலிபோர்னியா இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1953இல் அங்கே ஒரு தானியக் கிடங்கில் கப்ரா வண்டு இருப்பது தெரியவந்தது. தேடிப் பார்த்தபோது, 1946இலேயே பிடிபட்ட சில வண்டுகளை வேறு இனம் என்று தவறாக எழுதிவைத்திருந்தது புரிந்தது. ஏழு ஆண்டுகள் அது சத்தமின்றிப் பரவியிருக்கிறது. பிறகு கிடங்குகளை முழுசாகத் தார்ப்பாயால் போர்த்தி மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்தினார்கள். 1966 வரை நீண்ட அந்த வேட்டைக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் செலவானது, அந்தக் காலத்து டாலரில். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2007இல், பிரிட்டனிலிருந்து குடிவந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமானோடு இந்த வண்டு வந்துவிட்டது. அந்த வீடு மொத்தத்தையும் பிளாஸ்டிக்கில் சுற்றி வாயு அடித்தார்கள். 2020இல் புது ஃப்ரிட்ஜ்களோடு வந்த பொதிப்பொருளுக்குள் கண்டார்கள். ஃப்ரிட்ஜுக்கும் தானியத்துக்கும் என்ன உறவு? என்றோ தானியம் ஏற்றிய சரக்குப் பெட்டகத்தின் இடுக்கில் உறங்கிய புழு, பின்னால் ஏறிய சரக்கோடு இறங்கியிருக்கும் என்பதுதான் பொருந்துகிற விளக்கம்.

அதே 2020இன் இறுதியில் ஆஸ்திரேலியா விதியை இறுக்கியது. பயணிகளின் பெட்டியிலும் தபாலிலும், எந்த நாட்டிலிருந்தும், சில பொருள்கள் வரக்கூடாது. அரிசி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை, சீரகம், சோம்பு, கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல் என்று அந்தப் பட்டியலைப் படித்தால் நம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றும். வண்டு எதையெல்லாம் தின்று வளரும் என்று பார்த்து எழுதிய பட்டியல் அது. நம் அடுக்களையும் வண்டின் தீனியும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், இரண்டும் ஒரே மண்ணில் சேர்ந்து வளர்ந்ததுதான். அமெரிக்காவும் 2011 முதல், கப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் கையிலும் தபாலிலும் சிறு அளவில் வருகிற அரிசியைத் தடுத்துவைத்திருக்கிறது. கப்பலில் வருகிற வணிக அரிசிக்கு வழி தனி. ஆய்வு, வெப்பம் அல்லது வாயுச் சிகிச்சை, அதற்கான சான்றிதழ் என்று ஒவ்வொரு படியிலும் கையெழுத்துப் போட ஒருவர் இருக்கிறார். மெல்போர்ன் கடையில் இந்திய அரிசி இருப்பதும், வீட்டிலிருந்து போன இரண்டு கிலோ நிற்பதும் முரண்பாடில்லை.

ஆஸ்திரேலிய விதியிலேயே ஒரு விலக்கு எழுதியிருக்கிறார்கள். வணிக முறையில் தயாரித்துப் பொதிந்த, வெப்பத்தால் பக்குவப்படுத்திய பண்டங்களுக்கு அந்தத் தடை இல்லை. வறுத்தது, எண்ணெயில் பொரித்தது, வேகவைத்தது, பொரியாக்கியது எல்லாம் இதில் அடங்கும்.

நெற்பொரி எப்படி ஆகிறது என்று பார்த்தால் இந்த விலக்கின் நியாயம் புரியும். இரும்புச் சட்டியில் ஆற்று மணல் காய்கிறது. மணல் நன்றாகச் சூடேறியதும் நெல்லைப் போட்டுக் கரண்டியால் புரட்டுகிறார்கள். உமிக்குள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, நொடிகளில் உமியைக் கிழித்துக்கொண்டு மணி மலர்கிறது. அந்தச் சூட்டில் இரண்டு உயிர்கள் போகின்றன. ஒன்று, உள்ளே முட்டையோ புழுவோ இருந்திருந்தால் அது. இன்னொன்று, நெல்லின் சொந்த உயிரான முளைக்கரு. நெல்லை விதைத்தால் முளைக்கும், பொரியை விதைத்தால் முளைக்காது. தானியப் பூச்சிகளில் பெரும்பாலானவை 60 டிகிரியைத் தாண்டினால் நிமிடக் கணக்கில் செத்துவிடும். கப்ரா கெட்டி என்பதால் ஆஸ்திரேலியா அதற்குக் கேட்கிற வெப்பச் சிகிச்சை 60 டிகிரியில் 180 நிமிடம். தேன்குழல் வேகிற எண்ணெய் இதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் சூடாக இருக்கும். விபூதியோ நெருப்பில் முழுக்க வெந்து நீறானது. அதில் வாழ ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அப்படியானால் வீட்டில் சுட்ட தேன்குழலை மட்டும் ஏன் சந்தேகிக்கிறார்கள்? ஆச்சி கையால் சுட்டது கடைப் பண்டத்தைவிடச் சுத்தமாகவே இருக்கும். அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த அதிகாரிக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. எத்தனை சூட்டில் வெந்தது, ஆறியபின் எங்கே இருந்தது, எந்த மூட்டைப் பக்கத்தில் வைத்துப் பெட்டி கட்டினார்கள் என்பதற்குப் பதில் அந்த டப்பாவில் இல்லை. கடைப் பொட்டலத்தில் தயாரித்த நிறுவனம், பொருள்களின் பட்டியல், தேதி எல்லாம் இருக்கின்றன. தவறு நேர்ந்தால் பின்னோக்கிப் போய்த் தேடலாம். எல்லையில் வேலை செய்வது நம்பிக்கையை விடச் சரிபார்க்கிற வசதிதான். வீட்டுப் பண்டத்துக்கு இதில் அநியாயம் நடக்கிறது என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

பால்கோவாவின் கதையில் வண்டு இல்லை, வைரஸ். நம் மாடுகளுக்கு வருகிற கோமாரி நோய் மனிதரை அநேகமாக ஒன்றும் செய்யாது. அதனாலேயே பால் இனிப்பில் ஆபத்து இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. 1898இல் ஜெர்மனியில் லோஃப்ளர், ஃப்ராஷ் இருவரும் நோயுற்ற மாட்டின் கொப்புள நீரைப் பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரைக் கன்றுக்குச் செலுத்தினார்கள். கன்றுக்கு நோய் வந்தது. விலங்குகளுக்கு நோய் தரும் வைரஸ் என்று ஒன்று இருப்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது இந்தச் சோதனையில்தான். அறிகுறி தெரிவதற்கு முன்பே நோயுற்ற பசுவின் பாலில் அது வந்துவிடும். பால் கொழுப்பின் மறைவில் சாதாரணப் பாஸ்ச்சரைசேஷன் சூட்டைக்கூட ஓரளவு தாண்டிவிடும். மணிக்கணக்கில் கிண்டிய பால்கோவாவில் அது பிழைத்திருப்பது கடினம்தான். ஆனால் முன்பு சொன்ன அதே சிக்கல்: கிண்டிய நேரம் டப்பாவில் எழுதியில்லை.

பிரிட்டனில் 2001இல் இந்த நோய் புகுந்தபோது 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நஷ்டம் 800 கோடி பவுண்டு அளவில். 1990இல் வட இந்தியாவில் முதலில் அடையாளம் கண்ட வகையைச் சேர்ந்த வைரஸ் அது. சட்டத்துக்குப் புறம்பாக வந்த இறைச்சி எச்சிலுணவாகப் பன்றிக்குப் போனதில் தொடங்கியிருக்கும் என்பது விசாரணையின் கணிப்பு. ஆஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு இந்த நோய் கிடையாது. 2022இல் பக்கத்து இந்தோனேசியாவுக்கு வந்ததிலிருந்து அவர்கள் இன்னும் கவனமாகிவிட்டார்கள். தீபாவளி நேரத்தில் பால் இனிப்பு அனுப்பாதீர்கள் என்று இந்தியக் குடும்பங்களுக்கு அந்நாட்டு வேளாண் துறை நினைவூட்டுவது இதனால்தான். நம் நாட்டிலும் 2019 முதல் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி நாடு தழுவிய இயக்கமாக நடக்கிறது. அது முழு வெற்றி பெறுகிற நாளில் பால்கோவாவுக்கான கதவும் கொஞ்சம் திறக்கலாம்.

கறிவேப்பிலைக்கு வருவோம். அது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. அதன் தளிரில் சைலா என்ற கடுகளவுப் பூச்சி ஒட்டிச் சாறு உறிஞ்சும். நம் தோட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இதே பூச்சி ஆரஞ்சு மரங்களுக்கிடையே ஒரு பாக்டீரியாவைச் சுமந்து திரிகிறது. நோய் பிடித்த மரத்தில் சத்து ஓடும் குழாய்கள் அடைபடும், இலை திட்டுத்திட்டாக வெளிறும், பழம் கோணலாகிப் பச்சையாகவே நின்று கசக்கும். மருந்து கிடையாது. மரம் நோய்வாய்ப்பட்டு மாதங்களும் ஆண்டுகளும் கழித்தே வெளியில் தெரியும் என்பதுதான் கொடுமை. ஃப்ளோரிடாவில் 1998இல் பூச்சியைக் கண்டார்கள். 2005இல் நோயைக் கண்டார்கள். 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2022-23இல் 1.6 கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கியது. நடுவில் புயல்களும் சேர்ந்துதான் அடித்தன. இருந்தாலும் தோப்புகளை முதலில் குலைத்தது இந்த நோய்தான்.

2009இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பையை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. உள்ளே கறிவேப்பிலை, அதில் சைலாப் பூச்சிகள். சோதித்ததில் பூச்சிகளுக்குள் அந்தப் பாக்டீரியாவும் இருந்தது. அந்தப் பையைக் கட்டியவருக்கு ரசத்தில் தாளிப்பதைத் தவிர வேறு நினைப்பே இருந்திருக்காது. ஆரஞ்சுத் தோப்பே இல்லாத பிரிட்டன் இதே இலையை இவ்வளவு கடுமையாகப் பார்ப்பதில்லை. அங்கே அந்தப் பூச்சி இறங்கினாலும் தொற்றுவதற்கு மரம் இல்லை. ஒரு பொருளின் ஆபத்து அந்தப் பொருளில் மட்டும் இல்லை, அது போய்ச் சேருகிற ஊரில் என்ன வளர்கிறது என்பதிலும் இருக்கிறது. சிட்னி மகளுக்கு ஒரு விதி, லண்டன் மகனுக்கு வேறு விதி என்று இருப்பதன் காரணம் இதுதான். 'போன தடவை போச்சே, இந்தத் தடவை ஏன் நிக்குது' என்பதற்கும் பதில் பெரும்பாலும் இங்கேயே கிடைக்கும். புதிதாக ஒரு நோயோ பூச்சியோ எங்காவது தலைகாட்டியிருக்கும்.

பெட்டியில் போகக் கூடாதவற்றில் நம்மவர்களுக்கு மிகவும் வலிக்கக்கூடியது பிடிமண். புது ஊரில் குலதெய்வத்துக்குக் கோயில் எழுப்ப, பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோவது நம் வழக்கம். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் மண்ணை அநேகமாக எந்த நிலையிலும் உள்ளே விடுவதில்லை. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு, பூஞ்சை வித்துகள் உண்டு, நூற்புழுக்கள் உண்டு.

நூற்புழு என்ன செய்யும் என்று அறிய வெளிநாடு போக வேண்டாம், ஊட்டிக்குப் போனால் போதும். 1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் ஊட்டியின் விஜயநகரம் பண்ணையில் வாடிய உருளைக்கிழங்குச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய பொன்னிற முத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு முத்தும் செத்துப்போன ஒரு பெண் நூற்புழுவின் உடல். தோல் கடினமாகிக் கூடாக மாறி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. இதை முட்டைக்கூடு எனலாம். மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் இது உயிரோடு கிடக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் வளர்ந்து, அதிலிருந்து கசிகிற வேதிப்பொருள் மண்ணீரில் கலந்து வந்து பட்டால்தான் முட்டைகள் பொரியும். பசித்த புழு இடம் தேடி அலைவதில்லை, உணவு வந்து எழுப்பும்வரை தூங்குகிறது. மண்ணை நீரில் கலக்கி, மிதந்து வருகிற கூடுகளைச் சல்லடையில் அரித்து நுண்ணோக்கியில் எண்ணுவதுதான் இதைக் கண்டறிகிற முறை. எளிமையான முறைதான், ஆனால் தபால் நிலையத்தில் செய்யக்கூடியது இல்லை. ஐரோப்பிய விதைக்கிழங்கோடு நீலகிரிக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படும் இந்தப் புழுவால், 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குப் போவதற்கே தடை போட்டார்கள். நம் மாநிலத்து விவசாயியே தன் நாட்டுக்குள் இந்த விதியின் மறுபக்கத்தில் நிற்க நேர்ந்தது.

மண்ணுக்குப் பதிலாகக் கோயில் விபூதியைக் கொண்டுபோய்த் தொடங்கலாமா என்பதைக் கோயிலாரும் குடும்பத்தாரும்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். அறிவியல் சொல்லக்கூடியது, அதில் நெருப்பு பட்டிருக்கிறது என்பது மட்டும்தான்.

இனிக் காரியத்துக்கு வருவோம். தபால் நிலையக் கவுண்டரில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "ஆச்சி, உள்ள என்ன இருக்கு?" "நோன்புச் சாமான்தாம்ப்பா." சுங்கப் படிவத்திலும் 'பரிசுப் பொருள்' அல்லது 'இனிப்பு' என்று ஒரே சொல்லாக ஏறிவிடும். அதைத்தான் தவிர்க்க வேண்டும். 2021 ஜனவரி முதல் அஞ்சல் பொட்டல விவரங்கள் மின்னணு வடிவில் பெட்டிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. தெளிவில்லாத சொல் இருந்தால் பெட்டியைத் திறப்பார்கள். 'கடையில் பொதிந்த அரிசி முறுக்கு, அரை கிலோ. நெற்பொரி, கால் கிலோ. விபூதி, 50 கிராம். பருத்தி நூல்' என்று பிரித்து எழுதினால் சரிபார்க்கிறவருக்கும் நமக்கும் நல்லது. தடையான ஒன்றை நல்ல பொருள்களுக்கு நடுவில் ஒளித்து வைப்பது பெட்டி முழுவதையும் பணயம் வைப்பதாகும். உலர்ந்த ஆவாரம்பூவும் பனையோலைக் கொட்டானும் தாவரப் பொருள்கள் என்பதால் சோதனைக்குப் போகும். பூச்சி, மண், விதை எதுவும் இல்லாமல் உதறிக் காயவைத்து அனுப்பினாலும், பூவுக்கு அந்த நாட்டு அனுமதி உண்டா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். ஆஸ்திரேலியா இதற்காகவே பைக்கான் என்ற இணையத் தகவல் தொகுப்பை வைத்திருக்கிறது. பொருளின் பெயரைப் போட்டால் விதி வரும். பெறுகிற பிள்ளையே அங்கிருந்து பார்த்துச் சொல்வது எளிது. அரிசி, பருப்பு, மசாலா விதைகளை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் பணக்கார நாடுகள் ஏழை நாட்டுப் பண்டத்தின் மீது காட்டுகிற அசூயை என்று சிலர் வருத்தத்தோடு சொல்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூச்சி வந்து சேர்ந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று கொங்கு நாட்டு விவசாயிகளைக் கேட்க வேண்டும். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பூர்விகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதிலெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பிக்கொண்டது. மல்பெரி போனதால் பட்டுப்புழு வளர்த்தவர்கள் தவித்தார்கள். மருந்து அடித்தால் மேலிருக்கிற மெழுகுப் பூச்சு வழுக்கிவிட்டது.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிலையம் 2010இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. எறும்பைவிடச் சிறியவை. உயிருள்ள வெளிநாட்டுப் பூச்சியை நாமே கேட்டு வரவழைத்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். வந்த உடனே திறந்துவிடவில்லை. மூடிய ஆய்வகத்தில் வைத்து, கூடவே வேறு உயிர் எதுவும் ஒட்டி வந்திருக்கிறதா, நம் ஊர்ப் பூச்சிகளுக்குக் கேடு செய்யுமா என்று பார்த்து, அங்கேயே பெருக்கி, அதன்பிறகே தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. அதேபோல 2020இல் கேரளத்தில் நுழைந்து சேலம், நாமக்கல் மரவள்ளிக்குப் பரவிய இன்னொரு மாவுப்பூச்சிக்கு, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவி வந்தது. அதுவும் பெங்களூர் ஆய்வகத்தின் மூடிய அறைகளில் தங்கிச் சோதனை முடித்த பிறகே, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயலுக்குப் போனது.